மருந்து மட்டும் போதுமா, பேச்சும் வேண்டுமா?

ஹெராயின் பிடியிலிருந்து மீள, அதற்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோனோ பூப்ரினார்ஃபினோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வெளிநோயாளிக்குக் கவுன்சலிங் எவ்வளவு தேவை? இதில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் உண்டு. அவரவர் தமக்குச் சாதகமானதை மட்டும் தூக்கிப் பிடிப்பார்கள்.

முதலாவது பிலடெல்பியா, 1993. முன்னாள் ராணுவத்தினர் 92 பேர், ஆறு மாதம், எல்லோருக்கும் மெத்தடோன். ஒரு குழுவுக்கு மருந்து மட்டும், அவசரம் என்றால்தான் ஆலோசகர். அடுத்ததற்கு வழக்கமான கவுன்சலிங். மூன்றாவதற்கு அதோடு மனநல மருத்துவர், வேலை தேட உதவி, குடும்ப சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில். போதையை விட முடியாமலோ உடம்பு மோசமாகியோ குழுவை மாற்றியே ஆகவேண்டிய நிலைக்கு வந்தவர்கள் முறையே 69, 41, 19 சதவீதம்.

இரண்டாவது நியூ ஹேவன், 2006. 166 பேர், 24 வாரம், பூப்ரினார்ஃபினோடு நலாக்சோன் சேர்ந்த மருந்து. சிலருக்கு வாரம் 20 நிமிடப் பேச்சு, சிலருக்கு 45 நிமிடம். பலனில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை.

உடனே கவுன்சலிங் தண்டம் என்று கிளம்பிவிடக் கூடாது. நியூ ஹேவனில் பேச்சே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. இந்த வாரம் ஏதாவது எடுத்தீர்களா, சிறுநீர்ப் பரிசோதனையில் என்ன வந்தது என்று நர்ஸ் உட்கார்ந்து கேட்கும் அந்த 20 நிமிடம் நம்மூர் ஓ.பி.யில் ஆடம்பரம்! பிலடெல்பியாவின் மூன்றாவது குழுவுக்குக் கிடைத்ததும் வெறும் அறிவுரை அல்ல. வேலைக்கும் வீட்டுச் சிக்கலுக்கும் வழி.

மருந்து, பேச்சு தவிர மூன்றாவதாக ஒன்று, பரிசுச் சீட்டு. பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் குடுவைக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டுகளில் 'சபாஷ்' மட்டும்தான். மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு டாலர் பொருள், எப்போதாவது 100 டாலர். லஞ்சம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் மெத்தடோனோடு கோகெயினும் எடுப்பவர்களுக்கு, கோகெயினுக்கென்று மருந்தே இல்லாத நிலையில், நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

என் கணக்கில் மருந்துக்குத்தான் முதலிடம். கவுன்சலிங் கேட்பவருக்குத் தாராளமாக இருக்கட்டும், நிபந்தனையாக வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோரில் சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் காத்திருந்த 319 பேரில் ஒரு பகுதியினருக்கு, அவசர ஆலோசனை தவிர வேறெதுவும் இல்லாமல், மெத்தடோனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் அவர்களில் 76 சதவீதம் பேர் முழு சிகிச்சையில் சேர்ந்திருந்தார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 21 சதவீதம்தான்.