ஓநாய்ப் பாம்பா, கட்டுவிரியனா?

இரவில் பல்லியைத் தேடிச் சொரசொரப்பான சுவரில் ஏறி, ஓட்டு இடுக்கிலோ கதவு மூலையிலோ சுருண்டுகிடக்கும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு, கட்டுவிரியன் என்ற ஐயத்திலேயே பல வீடுகளில் அடித்துக் கொல்லப்படுகிறது. இரண்டும் முட்டையிடுபவை, இரண்டும் இரவில் நடமாடுபவை. ஓநாய்ப் பாம்பு பழுப்பு நிறத்தது. அதன் வெளிர்ப் பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி, வாலை நோக்கிப் போகப்போக மங்கிவிடும். பளபளக்கும் கருநீல உடலுடைய கட்டுவிரியனுக்கோ மெல்லிய வெண்கோடுகள் பெரும்பாலும் இணையிணையாக, தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை தெளிவாக இருக்கும். அதன் முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாகப் பெருத்திருப்பதே உறுதியான அடையாளம் (அதைப் பார்க்கும் தொலைவில் எவரும் நிற்கலாகாது என்பது வேறு). ஓநாய்ப் பாம்பு முக்கால் மீட்டரைத் தாண்டுவது அரிது. கட்டுவிரியன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். எனினும் கட்டுவிரியன் குட்டியும் சிறியதே என்பதால், நீளத்தை மட்டும் கொண்டு முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை.