சீல் பிரிக்காத போனை பெங்களூரில் யாரிடம் விற்பது?

அப்பாவுக்கென்று வாங்கிய ஆண்ட்ராய்டு போன் அது. பட்டன் போனே போதும் என்று அவர் ஊரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் கடையில் ரிட்டர்ன் எடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது. பெங்களூரில் இப்படி ஒரு போனைக் காசாக்க நாலு வழி உண்டு. பழைய போன் வாங்கும் ஆப், புதுப் போனுக்கு எக்ஸ்சேஞ்ச், எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் பக்கத்துக் கடைகள், அப்புறம் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி இடத்தில் நாமே விளம்பரம் போட்டு நேரடியாக விற்பது. நான் கடைசி வழியில்தான் விற்றேன். இன்னொரு போன் இப்படி மாட்டினாலும் அதையேதான் செய்வேன்.

தொல்லை குறைவு என்று பார்த்தால் மற்ற மூன்றும்தான் மேல். ஆப்பில் சில கேள்விகளுக்குப் பதில் தட்டினால் விலை வந்துவிடும், ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார். எக்ஸ்சேஞ்ச், வேறு போன் வாங்கப்போகிறவருக்கு மட்டும்தான் உதவும். பணம் கைக்கு வராது. கடையில் உடனே காசு கிடைக்கும், ஆனால் மறுபடி விற்கிற லாபத்தைக் கழித்துத்தான் விலை சொல்வார்கள்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது சீல். ஆப்பிலிருந்து வருபவரும் சரி, எக்ஸ்சேஞ்சுக்கு வருபவரும் சரி, போனை ஆன் செய்து ஸ்கிரீன், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். சீலைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்துவிட்டால் அது செகண்ட் ஹேண்ட்; கீறல் இல்லாத பழைய போனுக்கு என்ன விலையோ அதுதான் இதற்கும். 21,999 ரூபாய்க்கு பில் போட்ட போனுக்கு ஆப் காட்டியது 13,000 சொச்சம். கடையில் கொஞ்சம் கூடச் சொன்னார்கள். நேரடியாக வாங்கியவர் கொடுத்தது 18,500. பிரிக்காத பெட்டிக்கென்று தனியாகக் காசு தருகிறவர், அதைத் தானே பிரித்துப் பயன்படுத்தப்போகிறவர் மட்டும்தான்.

ஆனால் பில் இல்லாத சீல் பெட்டியைப் பார்த்தால் திருட்டு மால் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பில்லில் இருக்கும்; அதுவும் பெட்டி ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போனிலேயே *#06# அடித்து அந்த எண்ணைப் பார்க்கிற வழி சீல் போனில் இல்லையே! 2023-இல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், போன் தடை செய்யப்பட்டதா என்று வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் வாங்கியவர் என் எதிரிலேயே பார்த்தார், அதன் பிறகு பேரமே பாதியாகக் குறைந்துவிட்டது. விளம்பரப் படத்தில் மட்டும் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். ஒரிஜினல் பில்லைக் கொடுக்கும்போது ஒரு நகல் வைத்துக்கொண்டு, இன்ன எண்ணுள்ள போனை இன்னாரிடம் இன்ன தேதியில் விற்றேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நாளைக்கு அந்த போன் எங்காவது சிக்கினால் பில்லில் இருப்பது என் பெயர்.

தொல்லையையும் சொல்ல வேண்டும். "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஒரு பக்கம். மிலிட்டரியில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். என்னிடம் வாங்கியவரை அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பட்டப்பகலில் சந்தித்தேன். பேச்சு பாதி கன்னடம், பாதி இந்தி. பிரித்துப் பார்க்காமல் பணம் தர அவருக்கு மனமில்லை, பணம் வராமல் பிரிக்க எனக்கு மனமில்லை. கடைசியில் பணம் என் கணக்கில் ஏறியதைப் பேங்க் ஆப்பில் பார்த்த பிறகு அவரே பிரித்தார், போனை ஆன் செய்து பார்த்து முடிக்கும் வரை நான் நின்றேன்.

ஐபோனையோ ஐம்பதாயிரத்துக்கு மேலான போனையோ நான் இப்படி விற்றதில்லை. அந்த விலையில் முன்பின் தெரியாதவரோடு தெருவில் நிற்க எனக்கே தயக்கம் வரும், ஆப்பே மேல் என்று போனாலும் போவேன். சீல் ஏற்கெனவே பிரிந்திருந்தால் விலை வித்தியாசமும் சுருங்கும். இவ்வளவு அலைச்சல் தேவையா என்று யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் போனைப் பீரோவில் வைத்திருக்காதீர்கள். வாரண்டி பில் தேதியிலிருந்தே ஓடுகிற கம்பெனிகள் உண்டு. ஆண்ட்ராய்டு அப்டேட்டுக்கான வருஷக் கணக்கும் பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்தபோதே தொடங்கிவிடும். சார்ஜ் போடாத பேட்டரி வேறு தானாக இறங்கிக்கொண்டிருக்கும். முக்கியமாக, நவராத்திரி, தீபாவளியை ஒட்டி வரும் ஆன்லைன் சேலுக்கு முன்பே விற்றுவிடுங்கள். கார்டு தள்ளுபடியோடு அதே மாடல் புதிதாகவே உங்கள் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விளம்பரத்துக்கு ஒரு மெசேஜ்கூட வராது.