ஈமாக்ஸா, விம்மா: பெயர் வைப்பதில் யார் ஒழுங்கு?

ஈமாக்ஸ், விம் இரண்டும் கணினியில் உரை எழுதித் திருத்தும் மென்பொருள்கள். ஈமாக்ஸில் வெட்டும் கட்டளைகளான 'கில்-வேர்ட்', 'கில்-லைன்' தெரிந்தால் 'கில்-சென்டென்ஸ்' இருக்குமென்று ஊகித்தே தட்டலாம். ஆனால் ஒரு சொல் முன்னே நகர 'ஃபார்வேர்ட்-வேர்ட்' இருக்க, ஒரு வரி கீழே இறங்க மட்டும் 'நெக்ஸ்ட்-லைன்'! 'ஃபார்வேர்ட்-லைன்' வேறொன்று, அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். நான் பலமுறை மாறித் தட்டியிருக்கிறேன்.

விம்மில் நீளப் பெயர்களுக்குப் பதில் ஓரெழுத்து இலக்கணம்: டி அழிக்கும், ஒய் நகலெடுக்கும், டபிள்யூ சொல்லைக் குறிக்கும். சேர்த்தால் வேலை முடிந்தது. அப்புறம்தான் வில்லங்கம். பெரிய டி வரியின் முடிவு வரை அழிக்கும், பெரிய ஒய்யோ முழு வரியையும் எடுக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் இலக்கமிட்ட லேன்களை எண்ணிக்கொண்டு போகையில் ஹம்டன் லேன் குறுக்கிடுவது போல. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் இதைத் திருத்திவிட்டது.

விரலுக்கு விம் சுகம். சொந்தமாகக் கட்டளை எழுதிப் பெயர் வைக்க, எனக்கு ஈமாக்ஸ்தான்.