"உங்களுக்கு எதுக்குக்கா ஃபீல்டு ஒர்க்?" என்று கேட்டான், விழுந்துவிட்டேன்

வேலையில் இருந்துகொண்டே பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் பட்டம்) முடித்துவிடலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு 42,000 ரூபாய் போனது. கைக்கு வந்த வேலையும் போனது.

நான் பிளஸ் டூ. 2015 முதல் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஊர் ஊராகப் போய், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, பதினாறு வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் பண்ணிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டு வாங்குவது, இதுதான் வேலை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணிக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் பார்ப்பேன். புறத்தொடர்பு பணியாளருக்கு பிளஸ் டூ போதும், தொகுப்பூதியம் 10,592. சமூகப் பணியாளருக்கு 18,536, ஆனால் சமூகப்பணி, சமூகவியல் மாதிரி ஒரு பட்டம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 7,944 ரூபாய். அந்த எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன்.

2022-ல் தெரிந்தவர் ஒருவர் சொல்லி சேலத்தில் அந்த 'ஸ்டடி சென்டர்' போனேன். ஜெராக்ஸ் கடை மாடி. வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் பெரிய ஃபிளெக்ஸ். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். டீ வரவழைத்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம் சொன்னான்: "அக்கா, நீங்க ஏழு வருஷமா ஃபீல்டுலயே இருக்கறவங்க. உங்களுக்கு எதுக்குக்கா ஃபீல்டு ஒர்க்? அதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு. உங்க அனுபவத்தையே மார்க்கா மாத்திடலாம். ஒரே வருஷம், டிகிரி கையில."

ஏழு வருடத்தில் என் அனுபவத்தை மதித்துப் பேசிய முதல் ஆள் அவன்தான். அங்கேயே விழுந்துவிட்டேன்.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் அலுவலகத்துக்கே வருடாவருடம் சமூகப்பணி மாணவர்கள் களப்பணிக்கு, அதாவது ஃபீல்டு ஒர்க்குக்கு, வருவார்கள். வாரத்தில் குறித்த நாளில் வந்து எங்களோடு ஊருக்குள் சுற்றுவார்கள், இரவு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவார்கள், அடுத்த வாரம் அவர்கள் சூப்பர்வைசர் அதைச் சிவப்பு மையால் கிழித்திருப்பார். அவர்களின் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். களப்பணி இல்லாத பி.எஸ்.டபிள்யூ. என்பது பிணமே பார்க்காத எம்.பி.பி.எஸ். மாதிரி. தெரிந்தும் போனேன். அதனால் என்மேல் முழுதாகப் பரிதாபப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்தேன். வீட்டுக்கு வந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் தேடினேன். அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தது, போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இல்லை. நிம்மதியாகக் கம்மலை அடகு வைத்தேன். பல்கலைக்கழகம் நிஜம்தான். ஆனால் தொலைநிலையில் நடத்த தனி அனுமதி வேண்டும், அதுவும் எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று தனித்தனியாக. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. எனக்கு விற்ற படிப்பு அதில் இல்லை. ஃபிரான்சைஸ் எடுத்துப் படிப்பு மையம் நடத்தவே 2020-ம் ஆண்டு விதிமுறை இடம் தரவில்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. இப்போது தொலைநிலையில் சேர மாணவரே டெப் ஐடி எடுக்க வேண்டும். "அதை நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

முதலில் 15,000, தேர்வுக் கட்டணம் என்று 12,000, மார்க் ஷீட் வாங்க 15,000. எல்லாம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. ரசீது வெள்ளைத்தாளில், மையத்தின் பெயர்கூட இல்லாமல். பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டிசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிஜமான கல்லூரியாக இருந்தாலும் அசலைச் சரிபார்த்துக் கையோடு திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. நான் என் டிசியைத் திரும்ப வாங்க ஐந்து முறை சேலம் போனேன்.

2023-ல் பட்டம் வந்தது. 2019-ல் சேர்ந்து 2022-ல் முடித்ததாகப் போட்டிருந்தது. ஒரு நாள் வகுப்பு இல்லை, ஒரு பேப்பர் எழுதவில்லை. களப்பணிக்கு நூற்றுக்கு 78. என்னைப் பார்த்தே இராத யாரோ எனக்குக் களப்பணியில் 78 போட்டிருக்கிறார்கள்! சிரிப்பாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. கூடவே ஒரு முதியோர் இல்லத்தின் சான்றிதழ், அந்த வடமாநில ஊரில் 2021 மே 10 முதல் நாற்பது நாள் அங்கே பயிற்சி எடுத்தேன் என்று.

அடுத்த அறிவிப்பில் சமூகப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் நன்றாகவே போனது, தேர்வானேன். சான்றிதழ் சரிபார்ப்பில் இருந்த அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தார். இரண்டு தாளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்த முதியோர் இல்லச் சான்றிதழ். இன்னொன்று என் நிறுவனம் கொடுத்த அனுபவச் சான்றிதழ், 2015 முதல் இடைவெளி இல்லாமல் முழுநேரப் பணி என்று.

"மே பத்தாம் தேதி இங்க முழு ஊரடங்கு ஆரம்பிச்ச நாள். அன்னிக்கு நீ எங்கம்மா இருந்த? இது ரெண்டுல எது பொய்?"

அன்றைக்கு நான் ஏரியூர்ப் பக்கம் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அதை அந்த மேசை முன்னால் நின்று சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டதில், அப்படி ஒரு பதிவெண்ணே இல்லை என்று பதில் வந்தது. எங்கள் இயக்குநரைக் கூப்பிட்டு என் எட்டு வருட வேலையும் நிஜம்தானா என்று விசாரித்தார்கள். பொய்யான ஒரு தாள், நிஜமான தாளையும் சந்தேகத்தில் தள்ளிவிட்டது. வழக்கு போடாமல் விட்டதே பெரிது. போலிச் சான்றிதழைச் சமர்ப்பித்தவர் என்ற முறையில் மாட்டியிருக்க வேண்டியது நான்தான்.

அந்த சேலம் மையத்தின் நோட்டீஸில் இருந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 'சோஷியல் ஒர்க் கவுன்சில் அப்ரூவ்டு' என்று இருந்தது. நர்ஸுக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல 'சோஷியல் ஒர்க் கவுன்சில்' என்று ஒரு சட்டப்பூர்வ அமைப்பே நம் நாட்டில் இல்லை. 'முடித்ததும் மனநல சமூகப்பணியாளர்' என்று இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அதற்கு எம்.எஸ்.டபிள்யூ.வும் (சமூகப்பணி முதுநிலைப் பட்டம்), அதற்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்.லும் வேண்டும். 'பி.எஸ்.டபிள்யூ. இருந்தால்தான் எம்.எஸ்.டபிள்யூ.' என்பதும் பொய். எந்தப் பட்டம் இருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம்.

இப்போது இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. சேர்ந்திருக்கிறேன். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. களப்பணி கட்டாயம். என் முதல் ரிப்போர்ட்டைச் சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் என்ன பேசினேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேனாம், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லையாம். எட்டு வருட அனுபவம்!

போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் மனு ரசீது) வாங்கிவிட்டேன், எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. ஒரே ஒரு மனு என்றால் இழுக்கும், நாலு பேர் வந்தால் வேகமாக நகரும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். ஜெராக்ஸ் கடை மாடியில் இப்போது வேறு ஃபிளெக்ஸ், அதே மேசை. அங்கே பணம் கட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள்.