விரத நாள் தவ்ஹு: சந்தையில் வாங்குவதா, ஆர்கானிக் பாக்கெட்டா, வீட்டில் அரைப்பதா?

தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் 48 நாள் விரதம் இருப்பார். அந்த நாள்களில் எங்கள் அடுப்படியில் சோயா இல்லாமல் ஒரு வேளை போகாது. தவ்ஹு (சோயாப் பாலைத் திரித்துக் கட்டும் டோஃபு) பிரட்டல், தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சம்பல், பசியாறச் சோயாப் பால். போன வருடம், படிவம் 4 படிக்கிற மகள் உயிரியல் புத்தகத்தோடு வந்து நின்று, "அம்மா, நாம சாப்பிடுற சோயா மரபணு மாத்தினதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இருபது வருடமாகச் சமைக்கிற பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல நேர்ந்தது மனதை உறுத்தியது. அதற்குப் பிறகு மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். இப்போது வீட்டில்தான் அரைக்கிறேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

உடம்புக்குக் கெடுதல் என்ற பயத்தில் நான் மாறவில்லை. விற்பனையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை, அவற்றால் ஆபத்து வர வாய்ப்பில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. 2016-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கையும், சாதாரணப் பயிரைவிட இவற்றால் ஆபத்து கூடுதல் என்பதற்குச் சான்று இல்லை என்றது. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. களைக்கொல்லி விஷயம் வேறு. 1996-இல் அமெரிக்காவில் விதைக்கத் தொடங்கிய சோயாவில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். கிளைபோசேட் தெளித்தால் களை சாகும், சோயாச் செடி நிற்கும். இன்று அங்கே சோயா நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்ற விதைதான். அந்தக் கிளைபோசேட்டை 2015-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் பிள்ளைக்கு என்ன போடுகிறேன் என்று தெரிந்து போட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து தொடங்குகிறேன். ஆயர் ஈத்தாம் சந்தையில் காலை ஏழு மணிக்குப் போனால் தவ்ஹு இன்னும் சூடாக இருக்கும். விலை மலிவு. பிரட்டலுக்கு அதைப்போல வேறு எதுவும் வராது, பொரித்தால் உடையாது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் லேபல் கிடையாது. நம் மலேசியாவில் 2010-இல் திருத்திய உணவு விதிகளின்படி, மரபணு மாற்றப் பொருள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். பாக்கெட்டில் அதைத் தேடிப் பார்க்கலாம். தொட்டியில் கிடக்கும் தவ்ஹுவில் எங்கே தேடுவது? வழக்கமாக வாங்கும் அங்கிளிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பின்னால் கூட்டிப்போய்ச் சாக்கையே காட்டினார். கனடா என்று போட்டிருந்தது. அங்கே தவ்ஹுவுக்கென்றே மரபணு மாற்றாத பயறைத் தனியாக விளைவித்துப் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். மரபணு மாற்றிய பயறும் அதே நாட்டில்தான் விளைகிறது. சாக்கில் இருந்தது எது என்று அவருக்கும் தெரியவில்லை. கையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசமே கிடையாது.

ஆர்கானிக் பாக்கெட் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். ஆர்கானிக் சான்றிதழ் பெற வேண்டுமானால் மரபணு மாற்ற விதையைத் தொடக்கூடாது. வேலைக்குப் போய்வரும் வீட்டுக்கு இதுதான் சுலபம், நானே ஒரு மாதம் இப்படி ஓட்டினேன். விலை சந்தையைப்போல மூன்று மடங்கு. நான் வாங்கியவை எல்லாம் மிருதுவான வகை, சம்பலில் போட்டுக் கிளறினால் கரைந்துவிடும்.

ஆகவே வீட்டில். 400 கிராம் ஆர்கானிக் பயறை இரவே ஊறவைத்து, காலையில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிகிறேன். பாலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. மாட்டுப் பாலைவிட வேகமாகப் பொங்கும், அடுப்பை விட்டு நகரக்கூடாது. இறக்கிச் சற்று ஆறியதும், இரண்டு தேக்கரண்டி ஜிப்சம் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கண்முன்னே திரியும். துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்தால் அரை மணியில் தவ்ஹு. மிஞ்சும் சக்கையில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வடை தட்டுவேன். மகளுக்குத் தவ்ஹுவைவிட அதுதான் பிடிக்கும்.

இந்த வழி உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது நேரமும் இல்லை, கைப்பக்குவமும் இல்லை. பயறின் வயது. என் முதல் முயற்சி இதில்தான் கெட்டது. ஒரு கடையின் அடித்தட்டிலிருந்து வாங்கிய பாக்கெட், காலாவதித் தேதிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. பத்து மணி நேரம் ஊறியும் பாதிப் பயறு கல்லாகவே கிடந்தது. பால் நீர்த்துப்போய், ஜிப்சம் ஊற்றியும் கஞ்சியாகவே நின்றது. கையைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். பயறு கிழடு என்பது பிறகுதான் புரிந்தது. நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்தால் அதன் புரதம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கரையாத புரதம் தவ்ஹுவாகக் கட்டாது. சாதாரணப் பயறு சாக்குச் சாக்காக விற்றுத் தீரும். ஆர்கானிக் பயறு விலை அதிகம், வாங்குகிறவர் குறைவு, அதனால் தட்டிலேயே கிடக்கும். நாம் தேடிப்போகிற பயறுக்கே இந்தக் குறை வருகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் இப்போது கூட்டம் வருகிற கடையில்தான் வாங்குகிறேன், அரைக் கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை. காலாவதித் தேதியை விட்டுவிட்டுப் பாக்கெட் போட்ட தேதியைத் தேடுகிறேன். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக்குள் போய்விடும், வண்டும் வராது. ஊறியதும் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பார்ப்பேன். உள்பக்கம் சமதளமாக இருந்தால் அரைக்கலாம், நடுவில் குழி இருந்தால் இன்னும் ஊற வேண்டும். புதிய பயறு கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குப் பாக்கெட்டே மேல்.

மரபணு மாற்றம் என்றதும் எல்லாவற்றையும் ஒதுக்கத் தேவையில்லை. உளுந்து, துவரை, கொண்டைக்கடலையில் எனக்குக் கவலை இல்லை. எக்சோட்டிகா பப்பாளியைத் தொடாத ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அது 1987-இல் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்டது, இரண்டு பப்பாளி வகைகளைக் கலப்பினம் செய்து பழைய முறையில் உருவாக்கியது, மரபணு மாற்றமே இல்லை.

தெம்பே பற்றி அடித்துச் சொல்ல என்னிடம் போதிய அனுபவம் இல்லை. இரண்டு முறைதான் செய்தேன். ஒன்று வெள்ளைப் பஞ்சாக அழகாகக் கட்டியது, மற்றது கறுத்து வாடை வந்து கொட்டிவிட்டேன். காரணம் பயறா, புளிக்க வைக்கப் போடும் ரகியா, அந்த வாரத்து மழையா என்று இன்னும் பிடிபடவில்லை. இந்த வருட விரதம் தொடங்கி 12 நாள் ஆகிறது. தவ்ஹு வீட்டிலிருந்து, தெம்பே வாழையிலையில் கட்டிச் சந்தையிலிருந்து. இரண்டையும் எங்கிருந்து வந்தது என்று சொல்லியே மகளுக்குப் பரிமாறுகிறேன்.