ஃபூட்டரில் இருந்த ஒரு நம்பர்: வேர்ட்பிரஸ் அனுபவம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "தனியா வெப்சைட் வேலை எடுக்கலாம்னு இருக்கேன்டா. கிளையன்ட்டுக்கு வேர்ட்பிரஸ்லயே பண்ணிக் கொடுக்கலாமா?" வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் கட்ட உதவும் மென்பொருள். 2011 முதல் இதே வேலையில் இருக்கிறேன், சட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. முந்தின நாள்தான் ஒரே ஒரு தொலைபேசி நம்பரை மாற்ற மூன்று மணி நேரம் போயிருந்தது.

பிளாக் தீமில், அதாவது பக்கத்தின் எல்லாப் பகுதியையும் எடிட்டரிலேயே மாற்றக்கூடிய வடிவமைப்பில், நானே கட்டிக் கொடுத்த தளம் அது. ஃபூட்டரில், அதாவது பக்கத்தின் அடியில், இருக்கிற நம்பர் மாறிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று கிளையன்ட் ஃபோன் செய்தார். தீம் ஃபோல்டருக்குள் பார்ட்ஸ், அதற்குள் ஃபூட்டர் ஃபைல். நம்பரை மாற்றி, ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றி, சர்வருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. தளத்தைத் திறந்தால் பழைய நம்பர்.

கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய பிரதி, என்று நினைத்தேன். இந்த வேலையில் இருக்கிற யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். பிரவுசர் கேஷ், ப்ளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) வைத்திருக்கும் பேஜ் கேஷ், ஹோஸ்டிங்காரர்கள் வைத்திருக்கும் கேஷ், அதற்கும் மேலே பல ஊர்ச் சர்வர்களில் பிரதி வைக்கும் சிடிஎன். ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். பழைய நம்பர். சர்வருக்குள் போய் ஃபைலைத் திறந்தேன்; புது நம்பர் கண்ணெதிரே இருக்கிறது. வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பியையே ரீஸ்டார்ட் செய்தேன். பழைய நம்பரேதான்.

கடைசியில் டேட்டாபேஸைத் திறந்தேன். கட்டுரை, பக்கம், ரிவிஷன் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் அதே போஸ்ட்ஸ் டேபிளில், டெம்ப்ளேட் பார்ட் (ஃபூட்டர், ஹெடர் போன்ற பக்கப் பகுதி) வகையில் ஒரு பதிவு இருந்தது. பெயர் ஃபூட்டர். தேதி இரண்டு மாதம் பழையது. அன்றைக்குக் கிளையன்ட், தளத்தின் அமைப்பைத் திரையிலேயே மாற்ற உதவும் சைட் எடிட்டரைத் திறந்து, காப்புரிமை வரியின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து சேவ் கொடுத்திருக்கிறார். அந்த முற்றுப்புள்ளிக்காக ஃபூட்டர் முழுவதும் டேட்டாபேஸில் பிரதியாகிவிட்டது. அதற்குப் பிறகு என் ஃபைலை வேர்ட்பிரஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை பக் (மென்பொருள் பிழை) என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு சைட் எடிட்டர் வந்ததிலிருந்து இதுதான் முறை. பயனர் மாற்றியது டேட்டாபேஸில் இருந்தால் அதற்கே முதலிடம், இல்லாவிட்டால்தான் தீம் ஃபைல். காரணமும் நியாயமானது: தீம் அப்டேட் வரும்போது பயனர் செய்த மாற்றம் அழிந்துவிடக் கூடாது. பிளாக் தீம் வருவதற்கு முன், அப்டேட்டில் பறிபோன வேலையை நினைத்து எத்தனையோ பேர் வருந்தியிருக்கிறார்கள். எடிட்டருக்குள் போனால் பழையபடி ஆக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஃபைலோடு வேலை செய்கிறவன் எடிட்டருக்குள் ஏன் போகிறான்? ஃபைல் ஒன்று சொல்கிறது, டேட்டாபேஸ் இன்னொன்று சொல்கிறது, இரண்டும் முரண்படுகிறது என்று எந்த லாகிலும் (நிகழ்வுப் பதிவேட்டிலும்) ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபம் வருவது அந்த மௌனத்தின் மேல்தான்.

யோசித்துப் பார்த்தால் இத்தனை வருடத்தில் என்னை வாட்டியதெல்லாம் இதே மௌனம்தான். தீம் போட்டுவைத்த ஒன்றை எடுத்துவிடும் கட்டளையாக ரிமூவ் ஆக்‌ஷன் எழுதுவோம். தீம் எழுதியவர் அதை 15 என்ற முன்னுரிமையில், அதாவது எது முதலில் ஓட வேண்டும் என்ற வரிசை எண்ணில், பதிந்திருந்தால் நாமும் 15 என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானாக 10 என்று எடுத்துக்கொள்ளும், எதுவும் நீங்காது. எர்ரர் வராது, எச்சரிக்கை வராது. ஃபால்ஸ் (நடக்கவில்லை) என்று ஒரு மதிப்பு திரும்பி வரும். அதை யார் பார்க்கிறார்கள்?

முதல் வருடத்தில் இன்னொன்று. டெஸ்ட் சர்வரிலிருந்து லைவுக்கு ஒரு தளத்தை மாற்றினேன். வேர்ட்பிரஸ் முழு முகவரியையும் டேட்டாபேஸில் எழுதி வைக்கும் என்பதால் பழைய டொமைனுக்குப் பதில் புதியதை டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரே வரியில் மாற்றினேன். பக்கவாட்டு விட்ஜெட்டுகள் அத்தனையும் காணாமல் போயின. அந்த அமைப்புகளை பிஎச்பி சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே நீள வரியாக்கி, வைக்கிறது. ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் முன்னால் அது எத்தனை பைட் என்று எழுதியிருக்கும். அந்த எண் ஒன்று பிசகினாலும் மொத்தமும் செல்லாது. புது டொமைனின் நீளம் வேறு, எண்ணோ பழையது. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு இரவு முழுவதும் தேவைப்பட்டது. இப்போது வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ் கட்டளை இதையெல்லாம் சரியாகக் கணக்கிட்டு மாற்றித் தருகிறது.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு இன்னொரு வேதனையும் உண்டு. ஒரு மருத்துவமனைத் தளத்தில் 'குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணை' என்று பக்கம் போட்டேன். அதன் முகவரி 'குழந்தைகளுக்கான-தடுப்பூ' என்று முடிந்தது. முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் 200 எழுத்துதான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிவதால் 22 குறியீட்டுக்கு மேல் தாங்காது. சொல் நடுவிலா, முடிவிலா என்று பார்க்காமல் வெட்டிவிடுகிறது. தடுப்பூசியைத் தடுப்பூ ஆக்கியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிளையன்ட் அந்த முகவரியை அச்சடிக்கக் கேட்டபோதுதான் பார்த்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது. ஹூக், அதாவது வேர்ட்பிரஸ் ஓடும்போது நம் கோடை நடுவில் செருகும் இடம், அதை நினைத்தாலே எனக்கு இன்றும் மகிழ்ச்சி. கட்டுரை முடிவில் ஒரு படிவம் வர வேண்டும் என்றால் வேர்ட்பிரஸின் சொந்தக் கோர் ஃபைலைத் தொட வேண்டாம், தீமைத் தொட வேண்டாம். ஃபில்டர் என்ற வகை ஹூக் ஒன்று, ஆறு வரி. 2011இல் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு சின்ன ப்ளகின், ஒரு வரிகூட மாற்றாமல் இன்றைக்கும் ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில் பிஎச்பி 5இலிருந்து 8க்கு வந்துவிட்டது. 2003இல் தொடங்கிய ஒரு மென்பொருள் பழைய கோடுக்கு இவ்வளவு மரியாதை தருவது லேசான காரியமா? 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்பு வந்து, பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓடவைக்கும் ஜேகுவெரி மைக்ரேட்டை நிறுத்தியபோது மட்டும் என் ஃபோன் ஓயாமல் அடித்தது. அப்போதும் தவறு பழைய ஸ்கிரிப்டை மாற்றாமல் வைத்திருந்த தீம்களுடையது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற ஜிபிஎல் உரிமம் என்பதால் கிளையன்ட் நாளைக்கே என்னை விட்டு வேறு ஆளிடம் போனாலும் தளம் அவருடையது. அதை நான் மனதார விரும்புகிறேன்.

அந்த உரிமைதான் ஃபூட்டர் விஷயத்திலும் என் கையைக் கட்டிப்போடுகிறது. எழுதித் திருத்த மட்டும் உரிமை தரும் 'எடிட்டர்' என்ற அளவில் கணக்குக் கொடுத்தால் சைட் எடிட்டருக்குள் போக முடியாது, பிரச்சினையும் வராது. அதைத்தான் கிளையன்ட்டிடம் சொன்னேன். "என் சைட்டுக்கு என்கிட்ட முழுச் சாவி இல்லைன்னா எப்படிங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அட்மின் கணக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

நண்பனுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். ஒரு ஆளாக வேலை செய்கிறாய், பத்துக் கிளையன்ட் வைத்திருந்தால் பத்து டேட்டாபேஸில் உனக்குத் தெரியாத பத்து ஃபூட்டர் இருக்கும், எல்லாப் பக்கத்தையும் ஃபைலிலிருந்தே உருவாக்கும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள் என்றேன். "அப்போ நீ ஏன் இன்னும் அதுல இருக்கே?" என்றான். ஹூக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் பேசினேன். என் பதில் மட்டும் மாறவில்லை, வேண்டாம்தான்.

அன்றிரவு உட்கார்ந்து ஒரு ப்ளகின் எழுதினேன். டெம்ப்ளேட் பார்ட் வகையில் எது சேவ் ஆனாலும் அதற்கென்றே ஒரு ஹூக் ஓடுகிறது. அதைப் பிடித்து எனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். பத்து வரிகூட ஆகவில்லை. என் பொறுப்பில் இருக்கும் எல்லாத் தளங்களிலும் போட்டுவிட்டேன். நேற்று மதியம் முதல் மெயில் வந்தது. வேறொரு கிளையன்ட், ஹெடர். என்ன மாற்றினீர்கள் என்று உடனே ஃபோன் செய்து கேட்டேன், லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கினேன் என்றார். அதே மாற்றத்தை ஃபைலில் செய்து கிட்டில் ஏற்றிவிட்டு, டேட்டாபேஸில் இருந்த பிரதியை ரீசெட் செய்தேன். நான்கு நிமிடம் ஆனது.