ஆற்றங்கரைக் கல்லூரியா, நெடுஞ்சாலைக் கல்லூரியா?

அண்ணன் மகன் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறான். "துபாயில் கணக்காளர் வேலைக்குப் போக வேண்டும் சித்தப்பா, எங்கே சேரலாம்?" என்று கேட்டான். எங்களுக்கு வலங்கைமான். பக்கத்துக் கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர். கடல் கடந்தவர்கள் நிறைந்த வட்டாரம் என்பதால் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கடைசியில் மிஞ்சியவை இரண்டு: நெடுஞ்சாலையோரத்துத் தனியார் வணிகக் கல்லூரி ஒன்று, ஆற்றங்கரையிலுள்ள கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி.

தனியார் கல்லூரியின் வரவேற்பறையில் லண்டன், நியூயார்க், துபாய், சிங்கப்பூர் என்று நான்கு கடிகாரங்கள். சிங்கப்பூர் மட்டும் நின்றுபோயிருந்தது. அதை வைத்துக் கல்லூரியை எடைபோடுவது நியாயமில்லைதான். அங்கே இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். நீண்டகால வாடகைக்கு எடுத்த கடை, ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி எப்படி ஒரே நேரத்தில் சொத்தாகவும் கடனாகவும் கணக்கில் ஏறும் என்று, எதிரிலிருந்த டீக்கடையைக் காட்டியே விளக்கினாள். 2019 முதல் நடைமுறையிலுள்ள விதி அது. அசந்துபோனேன். அரசுக் கல்லூரியில் இப்படிக் கையைப் பிடித்துக் கூட்டிச்செல்ல ஆள் இருக்காது.

ஆனால் "பட்டம் முடியும்போதே ஏ.சி.சி.ஏ. கையில்" என்று கல்லூரிக்காரர்கள் சொன்ன பேச்சைத்தான் விழுங்க முடியவில்லை. ஏ.சி.சி.ஏ. என்பது வெளிநாடுகளிலும் செல்லும் கணக்காளர் தகுதி. ஏ.சி.சி.ஏ.வுக்கு மொத்தம் 13 தாள்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50 மதிப்பெண் எடுக்க வேண்டும், ஆண்டுக்கு 4 முறை தேர்வு. பி.காம் முடித்தவருக்குச் சில தாள்களில் விலக்கு உண்டு. எல்லாம் தேறினாலும் 36 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் உறுப்பினர் தகுதி. தேர்வை நடத்துவது லண்டன் அமைப்பு. கல்லூரியின் பங்கு பயிற்சி மட்டும். பவுண்டில் கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணம் அவர்கள் கேட்கும் தொகைக்குள் அடங்குமா என்றேன். "சேர்ந்த பிறகு சொல்கிறோம் சார்" என்றார்கள்.

அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டே இதே தேர்வை அவனே பதிவு செய்து எழுதலாம். பட்டத்திலும் வித்தியாசம் கிடையாது: இரண்டுமே பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்பு. துபாய்க்குப் போகும்போது வெளியுறவு அமைச்சகமும் அமீரகத் தூதரகமும் முத்திரை வைப்பது அந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழில்தான்; டை கட்டி எடுத்த படத்தில் அல்ல.

கும்பகோணம் கல்லூரி 1854-இல் தொடங்கியது. ராமானுஜன் அங்கே சேர்ந்தது 1904-இல். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். ஏ.சி.சி.ஏ.வின் முன்னோடி அமைப்பு லண்டனில் பிறந்ததும், இன்றைய சிட்டி யூனியன் வங்கி கும்பகோணத்தில் பிறந்ததும் அதே 1904. கணக்குக்கு ராசியான ஆண்டு போலும்! கும்பகோணம் கல்லூரியில் கட்டணம் சொற்பம். மிச்சமாகும் பணத்தில் திருச்சியில் தனிப் பயிற்சிக்கு அனுப்பலாம். குறை, ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வாய்ப்பு. இதை மூடிமறைத்துப் பயனில்லை. பையன் கூச்ச சுபாவம்.

தனியார் கல்லூரி சொன்ன 'வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஒப்பந்தம்' விசாரித்ததில் இரண்டு வாரச் சுற்றுலாவாக முடிந்தது. திருச்சி ஐ.ஐ.எம்., பி.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் எல்லாம் பட்டத்துக்குப் பிறகான பேச்சு.

கும்பகோணத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம். தரவரிசையில் இடம் கிடைத்தால் அங்கேதான். கிடைக்காவிட்டால் நெடுஞ்சாலைக் கல்லூரி. ஆனால் தேர்வுக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்த பிறகே முன்பணம். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.